ஆனி ஐந்தாம் தேதி பிறந்தவள்

பிப்ரவரி பதினொன்று என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எடிசன் பிறந்த நாள் என்பேன். மறுநாள் லிங்கன். மார்ச் பதினான்கு ஐன்ஸ்டீன். மார்ச் இருபத்து மூன்று பகத்சிங்கைத் தூக்கிலிட்ட நாள். நாளுக்கு ஒரு பக்கமாக முந்நூற்று அறுபத்தாறு பக்கத்துக்குத் தடித்த நோட்டு ஒன்று வைத்திருந்தேன். நாளிதழ், ரேடியோ, கடலை மடித்து வந்த காகிதம் என்று எதில் தேதி கண்டாலும் அதில் ஏற்றிவிடுவேன். நாகநாதன் சாருக்கு என்ன ஞாபகசக்தி என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எனக்கும் அதில் மண்டைக்கனம் உண்டு. அந்த மண்டையின் லட்சணம் 1978 நவம்பரில், என் நாற்பத்து மூன்றாம் வயதில், தாலுக்கா ஆபீஸில் பத்துப் பேர் முன்னிலையில் தெரிந்துபோனது.

கீழவிளாகம் பாபநாசத்திலிருந்து உள்ளே நாலு மைல். அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். தலைமை என்பதெல்லாம் பேச்சுக்கு. என்னையும் சேர்த்து இரண்டே வாத்தியார்கள், ஐந்து வகுப்பு. காலையில் கூட்டம் முடிந்ததும் கரும்பலகையின் மேல் ஓரத்தில் 'இன்றைய நாள்' என்று தலைப்புப் போட்டு, யார் பிறந்தார், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுவேன். பிள்ளைகள் கோரஸாகப் படிக்கும். பெரியாருக்கும் அண்ணாவுக்கும் கலர் சாக்பீஸ். டிசம்பர் இருபத்தைந்தாம் பக்கத்தில் வெண்மணி என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அன்று பள்ளிக்கூடம் லீவு. ஒரு வருஷம்கூட அது கரும்பலகைக்கு வந்ததில்லை.

இந்தப் பைத்தியம் கரும்பலகையோடு நிற்கவில்லை. அப்போதெல்லாம் கூலி வேலை செய்கிறவர்கள் பிள்ளையைச் சேர்க்க வந்தால், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. பிறந்த தேதி வாத்தியார் கையில். பல பள்ளிகளில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனையும் ஜூன் மாதம் முதல் தேதியிலேயே பிறந்திருக்கும். அப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கு ஜாதகம் இருக்கிறது, நாழிகை சுத்தமாகப் பிறந்த நேரம் இருக்கிறது. இதுகளுக்கும் ஒரு நல்ல நாள் இருக்கட்டுமே என்று நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நாள் கொடுப்பேன். துருதுருவென்று இருந்தால் எடிசன். சாதுவாக நின்றால் காந்தி. என் பதிவேட்டில் மூன்று எடிசன், இரண்டு லிங்கன், ஒரு மேரி கியூரி இருந்தார்கள். பெற்றோரிடம் கேட்க மாட்டேனா என்றால், கேட்பேன். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

1977 ஜூனில் அம்சம் தன் மகள் வேம்பைச் சேர்க்க அழைத்து வந்தாள். அந்தச் சிறுமி என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தனக்கு 'அ' போடத் தெரியும் என்றாள். போட்டும் காட்டினாள், தலைகீழாக. எனக்குப் பிடித்துவிட்டது. பெரியார் பிறந்த நாளை நான் லேசில் யாருக்கும் கொடுப்பதில்லை. வேம்புக்குக் கொடுத்தேன். 17-9-1971 என்று எழுதி, அம்சத்தின் கட்டை விரலை மையில் ஒற்றிப் பக்கத்தில் உருட்டினேன்.

அம்சம் கைம்பெண். புருஷன் நல்லக்கண்ணு எழுபத்து நாலில் பாம்பு கடித்துச் செத்தான். அவர்கள் குடிசை மற்றவர்களைப் போலக் கீழத்தெருவில் இல்லை. துரைராசுவின் நெற்களத்து ஓரத்தில் தனியாக நின்றது. துரைராசு ஊரின் பெரிய மிராசுதார். அவருடைய அப்பா பஞ்சநதம் இருந்த காலத்தில், நெல் போருக்குக் காவலாக நல்லக்கண்ணுவை அங்கே குடிவைத்திருந்தார்.

எழுபத்தொன்றில் ஒரு சட்டம் வந்தது. மிராசுதார் மனையில் குடிசை போட்டு இருக்கிற விவசாயக் கூலிக்கு அந்த மனையே சொந்தம் என்றது. நிபந்தனை ஒன்றுதான். 1971 ஜூன் 19 அன்று அவர்கள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அந்த நாளில் இருந்தவருக்கு வீடு, மறுநாள் வந்தவருக்கு ஒன்றுமில்லை. என் நோட்டில் ஜூன் 19 பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். காலியாகக் கிடந்தது. பெரிய மனிதர் யாரும் அன்று பிறந்ததாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

துரைராசு விடுவாரா? நெற்களத்தில் அரிசி மில் கட்டுவது அவர் திட்டம். குடிசை அந்த வருஷம் ஆவணியில்தான் போடப்பட்டது, ஜூன் மாதத்தில் அங்கே ஈ காக்கை இல்லை என்று சாதித்தார். நல்லக்கண்ணுவுக்கு முதலில் கிடைத்த உத்தரவு மேல்முறையீட்டில் ரத்தாகி, எழுபத்தெட்டில் மறுவிசாரணைக்கு வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்து அரசப்பன் அம்சத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். கீழத்தெருவில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. எல்லோரும் துரைராசு வயலில் வேலை செய்கிறவர்கள். மிச்சம் இருந்தது அம்சத்தின் வாய்ச் சொல் மட்டும்தான். என் மகள் இந்தக் குடிசையில்தான் பிறந்தாள், அது விரோதிகிருது வருஷம் ஆனி ஐந்தாம் தேதி என்று அவள் தாசில்தாரிடம் சொல்லியிருந்தாள். ஆங்கிலக் கணக்கில் அது சரியாக ஜூன் 19. தேதி எப்படி அவ்வளவு நிச்சயம் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாளாம்.

இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வழக்கு சங்கத்தின் வேலை, பாடம் என் வேலை என்று இருந்தேன். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் அரசப்பன் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வகுப்புக்குள்ளேயே வந்தார்.

"சார், வேம்புக்கு என்ன தேதி போட்டிருக்கீங்க?"

பெருமையாகச் சொன்னேன். அரசப்பன் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கெடுத்தீங்களே சார்."

துரைராசுவின் வக்கீல் பதிவேட்டின் நகலை வாங்கிவிட்டார். குடிசை ஆவணியில் வந்தது, பிள்ளை செப்டம்பரில் பிறந்தது என்று எல்லாம் அவர்கள் சொல்வதோடு அச்சாகப் பொருந்துகிறது. தாய் சொன்னது பொய் என்பதற்குச் சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பதிவேடே சாட்சி, அதில் தாயின் கைநாட்டும் இருக்கிறது. பதிவேட்டோடு ஆஜராகச் சொல்லி எனக்குச் சம்மன் வருகிறது என்றார் அரசப்பன். சாக்பீஸை வைக்க இடம் தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு சின்னப் பிள்ளைக்குப் பிரியமாகக் கொடுத்த நாள், அவள் தலைக்கு மேலே இருந்த கூரையைப் பிடித்து இழுத்துவிட்டது. அது எப்படி நடக்கும் என்று எனக்குப் புரியவே இல்லை.

பிறகு என் குணம் தலைதூக்கியது. போகட்டும், நானே போய் உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று அரசப்பனிடம் கத்தினேன். உங்கள் வேலைக்கு ஆபத்தாச்சே என்றார். போனால் மயிர் போச்சு என்றேன்.

நவம்பர் 7 விசாரணை. கரும்பலகையில் மேரி கியூரியை எழுதிவிட்டு, பதிவேட்டை மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். தாசில்தாரின் அறையில் துரைராசு நாற்காலியில் இருந்தார். அம்சம் சுவர் ஓரமாக நின்றாள். வக்கீல் எழுந்து, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார். நான் அதற்காகவே காத்திருந்தவன். கையெழுத்து என்னுடையது, தேதி பொய், அது பெரியார் பிறந்த நாள், நானாகப் போட்டது, என் பதிவேட்டில் பாதித் தேதி இப்படித்தான் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல் கையில் இருந்த நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரசப்பன் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தாசில்தார் நிதானமாகக் கேட்டார், பிள்ளையைச் சேர்க்கும்போது அந்தம்மா என்ன தேதி சொன்னார்கள் என்று.

அங்கேதான் நின்றிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உற்சாகம். பழி முழுவதையும் என் தலையில் போட்டுக்கொண்டு அவளைச் சுத்தமாக விடுவித்துவிட வேண்டும் என்ற வேகம்.

"அவங்களுக்கு எங்க சார் தேதி தெரியப்போவுது? நாத்து நட்டுக் களை பறிக்கிற ஜனம். ஒருத்தருக்கும் பிறந்த தேதி தெரியாது. அதனாலதான் நானே போடுறேன்."

வக்கீல் புன்னகையோடு உட்கார்ந்தார். வேறு கேள்வி இல்லை என்றார். அரசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று ஒரு கணம் திகைத்தேன். அடுத்த கணம் விளங்கியது. அவள் கையில் இருந்தது ஒரே ஒரு தேதி. அந்தத் தேதி அவளுக்குத் தெரிந்திருக்கவே முடியாது என்று அவளைக் காப்பாற்ற வந்த நானே சொல்லி முடித்திருந்தேன்.

"நான் சொன்னேன் சார்" என்றாள் அம்சம். குரலில் கோபமே இல்லை. "ஆனி அஞ்சுன்னு சொன்னேன். அந்த நாள் வேணாம், நல்ல நாளாப் போடுறேன்னு சொன்னீங்க."

தாசில்தார் என்னைப் பார்த்தார். சொன்னார்களா என்று கேட்டார். நான் தேடினேன். எடிசன் இருந்தார், லிங்கன் இருந்தார். வேம்பு தலைகீழாகப் போட்ட 'அ' கூட இருந்தது. அம்சம் என் மேசைக்கு எதிரே வாயைத் திறந்ததாக ஒரு துளி ஞாபகமும் இல்லை. ஞாபகம் இல்லை என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு வாய்தா, அன்றோடு விசாரணை முடிவு என்றார்.

திரும்பி வந்த பஸ்ஸில் அவளும் இருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. சொன்னவள் அன்றைக்கே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா, தேதி எப்படித் தெரியும் என்பதையாவது தாசில்தாரிடம் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். வெட்கம் கெட்டவனுக்கு அப்படித்தான் கோபம் வரும்.

வீட்டுக்கு வந்து ஞானாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி இட்லிக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையை உதறிவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு சொல்லுச்சே. பெரிய பண்ணை செத்த அன்னிக்கின்னு."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"நீங்கதானே வந்து சொன்னீங்க. பள்ளிக்கூடம் தொறந்த வாரம். செருப்பைக்கூடக் கழட்டல. 'ஞானாம்பா, சேதி கேட்டியா, பஞ்சநதம் பண்ணையாரு மறுபிறவி எடுத்துட்டாரு, தன் களத்துக் குடிசையிலேயே, நல்லக்கண்ணுக்குப் பொட்டப்புள்ளையா வந்து பொறந்துட்டாரு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. எங்க அண்ணன் வந்திருந்தாங்க, அவங்ககிட்டயும் சொன்னீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்னு அது கேட்டுக்கிட்டதாம், அதையும் சொன்னீங்க. அதுக்கும் சிரிச்சீங்க."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குத் திரும்பி வந்தது அம்சத்தின் முகம் அல்ல, என் சிரிப்புதான். மறுபிறவி என்பதைக் கிண்டல் செய்ய நல்ல சந்தர்ப்பம் கிடைத்ததே என்று நானே மெச்சிக்கொண்ட நகைச்சுவை அது. தேதி அதற்குள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. நகைச்சுவை தீர்ந்ததும் இரண்டையும் சேர்த்தே துப்பிவிட்டேன்.

படித்துறையில் பஞ்சநதம் நினைவாகத் துரைராசு பதித்த சலவைக்கல் இருக்கிறது. மறுநாள் காலை அங்கே போய்ப் படித்தேன். மறைவு 19-6-1971. பத்துத் தடவை படித்திருப்பேன். ஏழு வருஷமாக அந்தப் படியில்தான் குளித்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேராகக் களத்துக்குப் போனேன். அம்சம் வாசலில் வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தாள். நீ சொன்னது உண்மை, நான் வீட்டில் வந்து சொன்னதாக என் மனைவிக்கு நினைவிருக்கிறது என்றேன். எப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை.

அப்போது அவள் நடந்ததைச் சொன்னாள். பெரியவர் செத்த அன்று கீழத்தெரு மொத்தமும் பண்ணை வீட்டு வாசலில் கிடந்தது. போகாமல் இருந்தால் குற்றம். இவளுக்கு வலி எடுத்துவிட்டது. பாடை களத்து வழியாகப் போகும்போது, உள்ளே இவள் வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் அம்மாதான் கூட இருந்தது. பிள்ளை பிறந்து அழுதபோது அதன் வாயையும் கிழவி பொத்தினாள். வெளியே தெரிந்தால், பெரிய மனுசரை முழுங்கிப் பிறந்தவள் என்ற பேர் வரும். பண்ணை வீட்டில் சும்மா விடமாட்டார்கள், தெருவிலும் ஒருவர் பெண் எடுக்க மாட்டார். ஐந்து நாள் கழித்துத்தான் பிறந்ததாகத் தெருவில் சொன்னார்கள். உண்மை தெரிந்த அவள் அம்மாவும் நல்லக்கண்ணுவும் இப்போது உயிரோடு இல்லை. இவள் ஒருத்தி நெஞ்சில்தான் அந்த நாள் இருந்தது.

"ஏன் என்கிட்ட சொன்னே?" என்றேன்.

"நீங்கதான் இந்த நாளு கெழமையெல்லாம் பாக்க மாட்டீங்களே சார். உங்ககிட்ட சொன்னா எம்புள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னேன்."

முறுக்கிய பிரியை முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தாள். பிறகு, வீடு போனால் வேம்புக்குத் தலை சாய்க்க இடம் இல்லை, சொல்லிவிடலாம் என்றாள். பெரியவர் செத்த நாள் என்பதை மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை குழந்தைகள் தினம். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஞானாம்பாளை அழைத்துக்கொண்டு போனேன். அரசப்பன் மனுக் கொடுத்து அவளைச் சாட்சியாகச் சேர்த்தார். என் மனைவி அதுவரை ரேஷன் கடையைத் தவிர ஒரு சர்க்கார் வாசற்படி மிதித்ததில்லை. பெரியவர் இறந்த அன்று, களத்துக் குடிசையில் பிள்ளை பிறந்ததாக அம்சம் சொன்னதை என் கணவர் போன வருஷம் ஜூனில் என்னிடம் சொன்னார் என்று அளவாகச் சொல்லி நிறுத்தினாள். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

வக்கீல் விடவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் புருஷன் வந்து சொன்ன ஒரு பேச்சு எப்படி அம்மா நினைவிருக்கும், ஊரில் எத்தனை பிள்ளை பிறக்கிறது, எல்லாம் நினைவிருக்கிறதா, இதைப் போன வாரம்தானே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நெருக்கினார். ஞானாம்பாள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பொய் சொல்ல அவளுக்கு வராது. புருஷன் சொன்ன வார்த்தை அப்படியே வந்தது. செருப்பு, அவள் அண்ணன், மறுபிறவி, பொட்டப்பிள்ளை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அம்சம் கேட்டுக்கொண்டது, அதற்கு நான் சிரித்தது, ஒன்று விடாமல்.

முதலில் சிரித்தது தாசில்தாரின் குமாஸ்தா. பிறகு வாசலில் நின்றிருந்த பியூன். வக்கீலே உதட்டைக் கடித்துக்கொண்டார். சங்கத்துக்காரர் அரசப்பன், வெண்மணிக்கு வருஷா வருஷம் போய்க் கண்ணீர் விட்டு வருகிறவர், அவரும் தோள் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நல்ல நகைச்சுவை, அதுதான் கொடுமை. அம்சம் சுவரோரமாக நின்று என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. என்னை அதற்கு முன்னால் பார்த்தே இராதவள் போலப் பார்த்தாள். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

சிரிக்காதவர் துரைராசு ஒருவர்தான். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. தாசில்தார் மேசையைத் தட்டி அமைதிப்படுத்திவிட்டு, உங்கள் தகப்பனார் காலமான தேதி என்ன என்று அவரிடம் கேட்டார்.

அப்பன் செத்த தேதியை எந்த மகன் மாற்றிச் சொல்வான்?

"ஆனி அஞ்சு. சனிக்கிழமை" என்றார் துரைராசு.

தை மாதம் உத்தரவு வந்தது. மனை அம்சத்துக்கு. வழக்குக்காகக் கதை கட்டுகிறவர்கள் தங்களுக்கே இவ்வளவு அவமானம் தரும் கதையைக் கட்டமாட்டார்கள், ஆகவே இந்தச் சாட்சியம் நம்பத்தக்கது என்று தாசில்தார் எழுதியிருந்தார். அரசப்பன் அந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டி என் முதுகில் தட்டினார். பட்டாவைச் சங்கக் கொடி கட்டி வாங்கினார்கள். எனக்கு மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒப்புக்கொண்டு எழுதினேன். ஒரு வருஷ சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வேம்பின் பிறந்த தேதியை 19-6-1971 என்று திருத்த அனுமதி கேட்டு நானும் ஒரு மனு அனுப்பினேன். இவ்வளவாவது செய்தோமே என்று கொஞ்சம் மூச்சு விட்டேன்.

ஊர் அதற்குள் வேறு வேலை பார்த்திருந்தது. தாலுக்கா ஆபீஸில் சிரித்தவர்கள் அதை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். டீக்கடை சிரித்தது, படித்துறை சிரித்தது. கீழத்தெரு மட்டும் சிரிக்கவில்லை. அங்கே ஒரு கல்யாணத்தில் வேம்பு பந்தலுக்குள் ஓடியபோது, பெண்ணின் அத்தை அவளைத் தோளைப் பிடித்து வெளியே திருப்பி விட்டாளாம். துரைராசு வீட்டு வேலைக்காரி வழியில் இவளைக் கண்டால் ஒதுங்கி நின்று போகவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைப் 'பெரிய பண்ணை' என்று கூப்பிட்டன. இரண்டு பேரை அடித்தேன். அடித்த பிறகு அது இன்னும் பரவியது. வேம்பு தன் பக்கத்தில் இருந்தவளிடம், நான் யாரை முழுங்கினேன் என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

பங்குனி கடைசியில் அம்சம் வந்தாள், தனியாக. டி.சி. வேண்டும் என்றாள். குடமுருட்டிக்கு அக்கரையில் பத்துக் கல் தள்ளி அவள் தம்பி இருக்கிறான், வேம்பு இனி அங்கேதான் இருக்கப்போகிறாள், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்றாள். நீயும் போகிறாயா என்று கேட்டேன். தான் போனால் வீட்டைப் பூட்டின மறுநாளே களத்தோடு சேர்த்து வேலி போட்டுவிடுவார்கள், இருந்துதான் ஆகவேண்டும் என்றாள். எந்தப் பிள்ளைக்காக ஏழு வருஷம் அந்த வீட்டைப் பிடித்து வைத்திருந்தாளோ, அந்தப் பிள்ளை அதில் இருக்க முடியாது. இதை அவள் நெல் விலை சொல்வது போலச் சொன்னாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

படிவத்தை எடுத்தேன். பெயர், தாய் பெயர், வகுப்பு எல்லாம் எழுதினேன். பிறந்த தேதியில் பேனா நின்றது. திருத்தம் கேட்டு எழுதியிருக்கிறேன், உத்தரவு இன்னும் வரவில்லை, இரண்டு வாரம் பொறுத்தால் உண்மையான தேதியோடு கொடுத்துவிடலாம் என்றேன். எப்படியாவது அந்த ஒன்றையாவது அவளுக்குச் சரியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவள் தலையை அசைத்தாள்.

"அந்த மனுவ வாபஸ் வாங்கிடுங்க சார். நீங்க மொதல்ல போட்டீங்களே, அந்தப் பொய்யே இருக்கட்டும். உண்மையான தேதி அவளுக்கு வேணாம்."

நான் எழுதினேன். டி.சி.யில் பிறந்த தேதியை எண்ணால் ஒரு முறையும் எழுத்தால் ஒரு முறையும் எழுத வேண்டும். எண்ணால் எழுதினேன். பிறகு, பதினேழு, செப்டம்பர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து ஒன்று என்று எழுத்தாலும் எழுதினேன். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மறுபடி ஒரு முறை வாசிக்கச் சொல்லி, உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.